பன்னிரண்டாவது ஆள் எங்கிருந்து வந்தான்?

1980களின் தொடக்கம். ஜெர்மனியின் தென்மேற்கில் பக்னாங் என்ற சிற்றூர். அந்த ஊர்க் கால்பந்து கிளப்பில் ரால்ஃப் ராங்னிக் என்ற இளைஞர் ஆட்டக்காரராகவும் பயிற்சியாளராகவும் இருந்தார். குளிர்காலப் பயிற்சி முகாமுக்காக அந்தப் பக்கம் வந்திருந்த டைனமோ கீவ், அன்றைய சோவியத் நாட்டின் பெரிய அணி, இந்தச் சின்ன கிளப்போடு ஒரு நட்பு ஆட்டம் ஆடியது. ஆட்டம் தொடங்கிச் சில நிமிடங்களிலேயே ராங்னிக்குக்குச் சந்தேகம் தட்டியது. தன் ஆட்களில் யார் காலுக்குப் பந்து வந்தாலும் அங்கே இரண்டு மூன்று கீவ்காரர்கள் வந்து நிற்கிறார்கள். பந்து கோட்டுக்கு வெளியே போய் ஆட்டம் நின்றபோது அவர் எதிரணி ஆட்களை விரல்விட்டு எண்ணினார். ஒருவேளை பதின்மூன்று, பதினான்கு பேரை இறக்கிவிட்டார்களோ? இல்லை, பதினொருவர்தான். பின்னாளில் ஜெர்மனியின் தலைசிறந்த கால்பந்துச் சிந்தனையாளர்களில் ஒருவரான ராங்னிக், பேட்டிகளில் தானே சொன்ன கதை இது.

நள்ளிரவில் கண்விழித்து ஐரோப்பியக் கால்பந்து பார்க்கிற நம் ஊர் ரசிகர்களுக்கும் இந்தக் குழப்பம் பழக்கமானதுதான். இரண்டு பக்கமும் பதினொரு பேர். ஆனாலும் சில அணிகள் ஆடும்போது, எதிராளி பந்தைத் தொட்டதுமே ஆள்மேல் ஆள் வந்து விழுகிறது. அவர் தலை நிமிர்வதற்குள் பந்து பறிபோகிறது. ‘என்னமா ஓடுறாங்க!’ என்று நாம் வியக்கிறோம். ஓட்டம் மட்டும் இதை விளக்கிவிடாது. இந்த மட்டத்தில் ஆடுகிற யாரும் ஓர் ஆட்டத்துக்குப் பத்து முதல் பன்னிரண்டு கிலோமீட்டர் ஓடத்தான் செய்கிறார்கள். ஓட்டம் எல்லோரிடமும் இருக்கிறது. அந்தக் கூடுதல் ஆள் சிலரிடம் மட்டும் தோன்றுகிறான். அவன் பிறப்பது வடிவியலிலும் கடிகாரத்திலும். எப்படி என்பதைப் படிப்படியாகப் பார்க்கலாம்.

இந்த ஆட்டமுறைக்குக் கால்பந்து உலகம் வைத்திருக்கும் பெயர் பிரெஸ்ஸிங். தமிழில் நெருக்குதல் என்றே சொல்லலாம். எதிரணியின் கோலுக்கு அருகில், அவர்கள் ஆட்டத்தைத் தொடங்குகிற இடத்திலேயே போய் மறித்தால் அது ஹை பிரெஸ்ஸிங். இங்கே அதை முன்கள நெருக்குதல் என்று அழைக்கிறேன்.

முற்றத்தில் கோழி பிடித்தவர்களுக்கு இதன் முதல் பாடம் ஏற்கெனவே தெரியும். கோழியின் பின்னால் ஒரு பையன் ஓடினால் அரைமணி நேரம் ஓடிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். பாட்டி அப்படி ஓடமாட்டாள். ஒரு பேரனை வாசல் பக்கம் நிறுத்துவாள், இன்னொருவனை வைக்கோல்போர் பக்கம். பிறகு எதிரிலிருந்து மெதுவாக நடந்து, தொழுவச் சுவரும் மதிற்சுவரும் சேரும் மூலைக்குக் கோழியை ஒதுக்குவாள். கடைசி நொடியில் மட்டும் ஒரு பாய்ச்சல். கோழியின் வேகம் குறையவில்லை, அது போகக்கூடிய வழிகள்தான் குறைந்தன. நெருக்குதலின் சாரம் இதுதான்: பந்தைத் துரத்துவதற்கு முன்பே, பந்து போகக்கூடிய வழிகளை அடைப்பது.

ஆனால் கால்பந்து மைதானம் முற்றம் அல்லவே. பன்னாட்டு ஆட்டங்களில் அதன் வழக்கமான அளவு 105 மீட்டர் நீளம், 68 மீட்டர் அகலம். மொத்தம் 7,140 சதுர மீட்டர். கோல்கீப்பர்களை விட்டுவிட்டு மீதி இருபது பேருக்குப் பங்கு பிரித்தால் ஆளுக்கு 357 சதுர மீட்டர் வரும். நம் கணக்கில் ஒன்றரை கிரவுண்டு மனைக்கும் மேல். இவ்வளவு வெட்டவெளியில் நல்ல ஆட்டக்காரர் ஒருவரை மடக்குவது நடக்காத காரியம். ஆகவே நெருக்குகிற அணி முதலில் செய்யவேண்டிய வேலை, மைதானத்தையே சுருக்குவது.

மைதானத்தைச் சுருக்க ஒரு சுவர் வேண்டும். அதைக் கால்பந்தின் சட்டமே கொடுக்கிறது. ஆஃப்சைடு என்ற விதியைத் தலைவலி என்று நினைப்பவர்கள் உண்டு. அதன் சாரம் எளிது: எதிரணியின் பாதியில் இருக்கும் ஒருவருக்குப் பந்து அனுப்பப்படும் நொடியில், அவருக்கும் கோலுக்கும் இடையில் எதிரணியினர் இருவராவது இருக்க வேண்டும், அல்லது கடைசிக்கு முந்தையவரோடு அவர் சமமாகவாவது நிற்க வேண்டும், இல்லையென்றால் அவர் பந்துக்குப் பின்னாலேயே இருக்க வேண்டும். அந்த இருவரில் ஒருவர் பெரும்பாலும் கோல்கீப்பர். 1925 வரை மூவர் தேவைப்பட்டார்கள். அந்த ஆண்டு இரண்டாகக் குறைத்தார்கள். இதனால் என்ன ஆகிறது? தற்காப்பாளர்கள் நால்வரும் ஒரே வரிசையாகத் தங்கள் கோலைவிட்டு 40 மீட்டர் முன்னேறி நின்றால், அவர்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும் அந்த 40 மீட்டரில் எதிரணிக்காரர் போய்க் காத்திருக்க முடியாது. காலி இடம்தான், ஆனால் பூட்டிய இடம். தற்காப்பு வரிசை என்பது தள்ளிக்கொண்டே போகக்கூடிய ஒரு மதிற்சுவர். நடுக்கோட்டோடு அது நின்றுவிடும், ஏனென்றால் தன் சொந்தப் பாதியில் நிற்பவருக்கு ஆஃப்சைடு கிடையாது.

இந்தச் சுவரைத் தள்ளுவதில் கரைகண்டவர் அர்ரிகோ சாக்கி. தொழில்முறையாகக் கால்பந்தே ஆடாதவர். தந்தையின் காலணி நிறுவனத்துக்கு விற்பனை வேலை பார்த்தவர். 1987இல் ஏசி மிலானின் பயிற்சியாளர் ஆனார். தன் கடைசித் தற்காப்பாளருக்கும் முன்கள ஆட்டக்காரருக்கும் இடையில் 25 மீட்டருக்கு மேல் இருக்கக்கூடாது என்பது அவர் கட்டளை. இப்போது கணக்கைத் திரும்பப் போடுங்கள். 25 மீட்டரை 68 மீட்டரால் பெருக்கினால் 1,700 சதுர மீட்டர். மைதானத்தில் கால்வாசிக்கும் குறைவு. இருபது பேரும் அதற்குள் என்றால் ஆளுக்கு 85 சதுர மீட்டர். ஒன்றரை கிரவுண்டு மனையிலிருந்து இரண்டு படுக்கையறை ஃப்ளாட்டுக்கு வந்துவிட்டோம்! இந்தச் சுருக்கத்துக்குச் செறிவு என்று பெயர் கொடுக்கலாம். செறிவு இல்லாத நெருக்குதல், கோழிக்குப் பின்னால் ஓடும் பையன்தான்.

அகலத்தையும் அவர்கள் விட்டுவைப்பதில்லை. பந்து இடப்பக்கம் இருந்தால் மொத்த அணியும் இடப்பக்கம் நகரும். வலது ஓரத்தில் எதிரணிக்காரர் ஒருவர் தனியாகக் கையசைத்துக்கொண்டு நிற்பார். பார்க்கிற நமக்குப் பதறும். ஆனால் அவருக்குப் பந்து போய்ச்சேர வேண்டுமே. நாற்பது மீட்டர் தொலைவைக் கடந்து உயரப் பறந்து வரும் பந்து இரண்டு வினாடிக்கு மேல் காற்றில் இருக்கும். அதை அடக்கித் தரையில் வைக்க இன்னும் ஒரு வினாடி. அந்த மூன்று வினாடிக்குள் மொத்த வரிசையும் பதினைந்து மீட்டர் நகர்ந்துவிடலாம். தொலைவில் இருப்பவரை நேரமே காவல் காக்கிறது.

சாக்கி இதைப் பயிற்றுவித்த விதம் மிலான் ஆட்டக்காரர்களுக்கே வினோதமாகப் பட்டது. பந்தே இல்லாமல் பதினொரு பேரையும் மைதானத்தில் நிறுத்துவார். பந்து இங்கே இருக்கிறது என்று ஓர் இடத்தைச் சொல்வார். எல்லோரும் அதற்கேற்ப நகர வேண்டும். ரூட் குல்லிட்டும் மார்கோ வான் பாஸ்டனும் இதை நம்பவில்லை. அவர்களுக்கு ஒரு சோதனை வைத்தார். கோல்கீப்பரும் நான்கு தற்காப்பாளர்களும் ஒரு பக்கம்; குல்லிட், வான் பாஸ்டன் உட்படப் பத்துப் பேர் மறுபக்கம்; கால்மணி நேரத்தில் ஒரு கோல் போட்டுக் காட்டுங்கள் என்றார். ஒழுங்காக நகரத் தெரிந்த அந்த ஐந்து பேரைத் தாண்டி அவர்களால் ஒரு கோல்கூடப் போட முடியவில்லை என்று சாக்கி சொல்லியிருக்கிறார். 1989 ஏப்ரலில் ஐரோப்பியக் கோப்பை அரையிறுதியில் ரியல் மாட்ரிட்டை மிலான் 5-0 என்று வென்றது. அடுத்த மாதம் இறுதி ஆட்டத்தில் ஸ்டேவா புக்கரெஸ்ட்டை 4-0 என்று.

இடம் சுருங்கியாயிற்று. அடுத்து வழிகளை அடைக்க வேண்டும். இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த கருத்து வருகிறது.

மின்சாரம் போன இரவில் கூடத்தின் நடுவே ஒரு விளக்கு எரிகிறது. நீங்கள் விளக்குக்கும் சுவருக்கும் இடையில் நிற்கிறீர்கள். சுவர் ஓரமாக நின்றால் உங்கள் நிழல் உங்கள் அளவுக்குத்தான் இருக்கும். விளக்கை நோக்கி நடக்க நடக்க நிழல் விரிந்து, சுவர் முழுவதையும் மூடும். பந்தை அந்த விளக்காக நினைத்துக்கொள்ளுங்கள். பந்து தரையோடு போகக்கூடிய நேர்க்கோடுகள் எல்லாம் விளக்கின் கதிர்கள். பந்தை நோக்கி ஓடிவரும் ஒருவர் தன் முதுகுக்குப் பின்னால் ஒரு நிழலைப் போடுகிறார். அந்த நிழலுக்குள் நிற்கும் எதிரணிக்காரருக்கு நேராகப் பந்து கொடுக்க முடியாது. கவர் ஷேடோ என்று பயிற்சியாளர்கள் சொல்வது இதைத்தான். தமிழில் மறைப்பு நிழல். பந்தை நெருங்க நெருங்க நிழல் அகலமாகிறது. ஓரிடத்தில் நின்று ஒருவரை மட்டும் காவல் காப்பவர், சரியான கோணத்தில் பந்தை நோக்கி ஓடும்போது இருவரை மறைத்துவிடலாம். ராங்னிக் எண்ணிய அந்தப் பன்னிரண்டாவது ஆள் பாதி இந்த நிழலில் இருந்தான்.

இதனால்தான் தேர்ந்த முன்கள ஆட்டக்காரர் பந்தை நோக்கி நேராக ஓடுவதில்லை, வளைந்து ஓடுகிறார். எதிரணியின் இரண்டு நடுத் தற்காப்பாளர்களுக்கு இடையில் புகுந்து, ஒருவர் மற்றவருக்குப் பந்து கொடுக்கும் வழியை நிழலால் அறுத்துவிட்டு வருகிறார். பந்து வைத்திருப்பவருக்கு ஒரே பக்கம்தான் திறந்திருக்கும்: ஓரத்தில் நிற்கும் பக்கவாட்டுத் தற்காப்பாளர். அங்கே பந்து போகட்டும் என்றுதான் நெருக்குகிற அணி காத்திருக்கிறது. ஓரக்கோடு என்பது களைப்படையாத தற்காப்பாளர். அதை ஏமாற்றித் தாண்டிப் போகவும் முடியாது. பாட்டியின் தொழுவச் சுவர் அதுதான்.

இப்போது கடிகாரத்துக்கு வருவோம். ஓரளவு வேகமாகத் தட்டிய பந்து வினாடிக்கு 15 மீட்டர் போகிறது என்று வைத்துக்கொள்ளலாம். பதினைந்து மீட்டர் தள்ளி நிற்பவரை அது ஒரு வினாடியில் அடையும். நின்ற நிலையிலிருந்து பாயும் ஒருவர், எவ்வளவு வேகக்காரராக இருந்தாலும், பத்து மீட்டரைக் கடக்க ஏறக்குறைய இரண்டு வினாடி ஆகும். பந்து வந்து சேர்ந்த பிறகு அவர் ஓடத் தொடங்கினால், பந்து பெற்றவருக்கு இரண்டு முழு வினாடிகள் கிடைக்கும். அடக்க, நிமிர, சுற்றிப் பார்க்க, தேர்ந்தெடுக்க, அடிக்க அது தாராளம். பந்து கிளம்பும்போதே இவரும் கிளம்பினால் எதிராளிக்குக் கிடைப்பது ஒரு வினாடி. பந்து தட்டப்போகிறவரின் இடுப்பு திரும்புவதைப் பார்த்து, அதற்கும் முன்பே கிளம்பினால் அதிலும் பாதிதான். கண்ணில் பட்டது காலுக்கு வருவதற்கே மனிதருக்கு 0.2 வினாடி தேவை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒருவரின் ஓட்ட வேகத்தைப் பயிற்சியால் பத்தில் ஒரு பங்கு கூட்டுவது பெரும்பாடு. கிளம்பும் நேரத்தை ஒரு வினாடி முன்னால் தள்ளுவதோ கற்றுக்கொடுக்கக் கூடிய பாடம்.

எப்போது கிளம்புவது என்பதற்குக் குறிகள் உண்டு. கபடி ஆடியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். பாடி வருபவர் முகம் காட்டி நிற்கும் வரை யாரும் பாயமாட்டார்கள். அவர் முதுகைத் திருப்பும் நொடி, கால் எட்டிவைத்து நிலை தடுமாறும் நொடி, மூலையில் நிற்பவர் தொடையைப் பிடிப்பார். அதே கணத்தில் சங்கிலி பிடித்திருப்பவர்களும் வந்து மூடுவார்கள். கால்பந்திலும் அப்படியே. பந்து காலில் பட்டு ஓரடி தள்ளித் தெறிப்பது, வாங்குபவர் தன் கோலைப் பார்த்து நிற்பது, பின்னோக்கித் தட்டப்பட்ட தளர்ந்த பந்து, குதித்து வரும் பந்து, பழக்கமில்லாத காலுக்கு வரும் பந்து. இவற்றை பிரெஸ்ஸிங் டிரிகர் என்பார்கள். பாய்ச்சல் குறி என்று நான் சொல்வேன். முக்கியமானது, குறி தெரிந்ததும் ஒருவர் மட்டும் பாயக்கூடாது. முன்னால் மூவர் பாய்ந்து நடுக்களத்தார் தயங்கி நின்றால், இரண்டு வரிசைக்கும் நடுவில் ஒரு பள்ளத்தாக்கு திறக்கும். வலையில் ஒரு கண் அறுந்தால் மீன் அந்தக் கண்ணைத்தான் தேடிப் போகும்.

கீவில் இந்த யோசனை எப்படி முளைத்தது என்பது தனிக் கதை. 1964 முதல் 1970 வரை டைனமோ கீவைப் பயிற்றுவித்த விக்டர் மாஸ்லோவ், பந்து வைத்திருப்பவரைக் கூட்டாகப் போய் மறிப்பதை ஒரு முறையாகவே ஆக்கியவர். 1966, 67, 68 என்று தொடர்ந்து மூன்று சோவியத் பட்டங்கள் வந்தன. அவர் அணியில் ஆடிய வாலெரி லோபனோவ்ஸ்கி பொறியியல் படித்தவர். 1970களில் பயிற்சியாளராக கீவுக்குத் திரும்பிய அவர், அனத்தோலி ஸெலென்ட்சோவ் என்ற விஞ்ஞானியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஆட்டத்தைப் பதினொரு உறுப்புகள் கொண்ட இரண்டு அமைப்புகளின் மோதலாகக் கணக்கிட்டார். உறுப்புகளின் கூட்டுத்தொகையைவிட அமைப்பு பெரியது என்பது அவர் கட்சி. பக்னாங்கில் ராங்னிக் பார்த்தது அவருடைய அணியைத்தான். மாஸ்லோவின் காலத்தை ஒட்டியே ஆம்ஸ்டர்டாமின் அயாக்ஸ் கிளப்பில் ரைனஸ் மிஷெல்ஸ் தன் வழியில் இதே இடத்துக்கு வந்து சேர்ந்திருந்தார். 1974 உலகக் கோப்பையில் அவருடைய நெதர்லாந்து, உருகுவே அணியை 2-0 என்று வென்ற ஆட்டத்தின் படங்கள் இன்றும் கிடைக்கின்றன. ஆரஞ்சு உடுப்புக்காரர்கள் ஐந்தாறு பேர் ஒரே நேரத்தில் பந்தை நோக்கிப் பாய்கிறார்கள்.

வியூகம் எங்கே வருகிறது என்று கேட்பீர்கள். 4-3-3, 4-2-3-1, 3-3-1-3 என்ற எண்கள் எல்லாம் பாய்ச்சலின் தொடக்கப் புள்ளிகள். முன்களத்தில் மூவர் அகலமாக நிற்கும் அமைப்பு நெருக்குதலுக்கு வாகானது, ஏனென்றால் எதிரணியின் பின்வரிசை முழுவதையும் மூன்று நிழல்களால் மூடலாம். அர்ஜென்டினாவின் மார்செலோ பியெல்ஸா இதன் கடைசி எல்லை வரை போனவர். எதிரணி முன்னால் இரண்டு பேரை வைத்தால் இவர் பின்னால் மூவரை வைப்பார். அவர்கள் ஒருவரை வைத்தால் இவர் இரண்டு நடுத் தற்காப்பாளர்களோடு நின்றுவிடுவார். எப்போதும் ஒரே ஒருவர் மட்டும் கூடுதல். மீதிப் பேர் எல்லோரும் ஆளுக்கொரு எதிராளியைப் பிடித்துக்கொண்டு மைதானம் முழுக்கப் பின்தொடர வேண்டும். 2012 மார்ச்சில் அவருடைய அத்லெட்டிக் பில்பாவ், மான்செஸ்டர் யுனைடெட்டை அதன் சொந்த மைதானத்திலேயே 3-2 என்று மூச்சுத் திணறவைத்தது. அதே பருவத்தின் முடிவில் இரண்டு கோப்பைகளின் இறுதி ஆட்டங்களில், இரண்டிலும் 0-3 என்று தோற்றது. அந்த அணி களைத்துப்போயிருந்தது என்பதே பலரின் கணிப்பு. பியெல்ஸாவின் துணிவை நான் மிகவும் மதிக்கிறேன். ஆனால் ஆளுக்கு ஆள் என்ற அந்த முறையில் ஒருவர் ஏமாந்தால் அடுத்தவரை உதவிக்கு இழுக்க வேண்டியிருக்கிறது, பிறகு எல்லாமே கலைகிறது. மண்டலத்தைக் காக்கும் சாக்கியின் வழி இந்த விஷயத்தில் உறுதியானது.

நெருக்குதலின் இன்னொரு முகம், பந்தை இழந்த மறுநொடியே அதைப் பறிப்பது. ஜெர்மன் மொழியில் கேகன்பிரெஸ்ஸிங், தமிழில் எதிர்நெருக்குதல். பந்து பறிபோனால் பின்னால் ஓடித் தற்காப்பு வரிசையில் சேர்ந்துகொள் என்பதுதான் பழைய பாடம். எதிர்நெருக்குதல் அதைத் தலைகீழாக்கியது. காரணம் நுட்பமானது. பந்தைப் பறித்த அந்த நொடியில் பறித்தவர்தான் மைதானத்திலேயே மிகவும் பலவீனமானவர். பறிப்பதற்காக மல்லுக்கட்டி மூச்சு வாங்குகிறார். பார்வை பந்தில் இருக்கிறது. உடல் தன் கோலைப் பார்த்துத் திரும்பியிருக்கிறது. அவருடைய தோழர்களோ தற்காப்புக்காக நெருங்கி நின்றவர்கள், பந்து வாங்குவதற்கு இன்னும் விரியவில்லை. இந்தப் பக்கமோ, இதுவரை தாக்கிக்கொண்டிருந்ததால் ஐந்தாறு பேர் பந்துக்கு அருகிலேயே இருக்கிறார்கள். சில வினாடிகளுக்கு மட்டும் திறந்திருக்கும் சன்னல் இது. பயிற்சியாளர் குவார்தியோலாவின் பார்சிலோனாவில் இதை ஐந்து வினாடி விதி என்றே அழைத்தார்கள்.

2019 மே 7 அன்று ஆன்ஃபீல்டில் லிவர்பூலும் பார்சிலோனாவும் ஆடிய ஆட்டத்தின் 54ஆம் நிமிடத்தைத் தேடிப் பாருங்கள். முதல் ஆட்டத்தில் 0-3 என்று பின்தங்கியிருந்த லிவர்பூலின் அலெக்சாண்டர்-அர்னால்ட் வலது ஓரத்தில் பந்தை ஜோர்டி ஆல்பாவிடம் இழக்கிறார். பின்வாங்கவில்லை; அங்கேயே திரும்ப மோதிப் பறிக்கிறார்; குறுக்கே தட்டுகிறார்; வைனால்டம் கோல் அடிக்கிறார். இழந்ததற்கும் கோலுக்கும் நடுவே சில வினாடிகள்தான். ஆட்டம் 4-0 என்று முடிந்தது. எதிர்நெருக்குதல் அளவுக்குக் கோல் வாய்ப்பு உருவாக்கித் தரும் ஆட்டக்காரர் உலகில் எவருமில்லை என்ற கருத்தை அன்றைய லிவர்பூல் பயிற்சியாளர் யூர்கன் க்ளாப் பல ஆண்டுகளாகச் சொல்லிவந்தார்.

இதெல்லாம் உண்மைதானா, எப்படித் தெரியும்? நல்ல கதைகளை எந்த முறைக்கும் திரட்டலாம். கால்பந்தில் எது பலிக்கும் என்பதை எண்ணிக்கையால் நிறுவ முயன்ற முதல் மனிதர்களில் ஒருவர் சார்லஸ் ரீப், பிரிட்டிஷ் விமானப்படையில் கணக்கு அதிகாரி. 1950 மார்ச் 18 அன்று ஸ்விண்டன் டவுன் ஆட்டத்தின் இடைவேளையில் பையிலிருந்து பென்சிலை எடுத்து, ஒவ்வொரு நகர்வையும் குறிக்கத் தொடங்கினார். பல ஆண்டுகள் தொடர்ந்து எண்ணி, 1968இல் புள்ளியியலாளர் பெர்னார்ட் பெஞ்சமினுடன் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். பெரும்பாலான கோல்கள் மூன்று அல்லது அதற்கும் குறைந்த பாஸ்களில் பிறந்தவை என்று அவர் கண்டார். எனவே நீளமாக அடி, குறைவாகத் தட்டு என்று முடிவு கட்டினார். எண்கள் சரி, முடிவு தவறு. கால்பந்தில் பெரும்பாலான நகர்வுகளே மூன்று பாஸ்களுக்குள் முடிந்துவிடுகின்றன. கோல்களும் அங்கேதானே அதிகம் இருக்கும்! ஊரில் பெரும்பாலான விபத்துகள் வீட்டுக்கு அருகில் நடப்பதால் வீட்டுத் தெரு ஆபத்தானது என்று சொல்வதைப் போன்றது அது. மைக் ஹியூஸ், இயன் ஃபிராங்க்ஸ் இருவரும் 1990, 1994 உலகக் கோப்பை ஆட்டங்களை எடுத்து, ஒவ்வொரு வகை நகர்வும் எத்தனை முறை நடந்தது என்பதால் வகுத்துப் பார்த்தார்கள். 2005இல் வெளியான அந்த ஆய்வில் நீண்ட நகர்வுகளே கூடுதல் பலன் தந்தவை என்று தெரிந்தது. வகுக்கும் எண்ணை மறந்ததன் விலையை இங்கிலாந்துக் கால்பந்து பல ஆண்டுகள் கொடுத்தது.

நெருக்குதலை அளப்பதற்கு 2014இல் கோலின் டிரெய்னர் என்ற ஆய்வாளர் ஓர் எளிய அளவுகோல் தந்தார். எதிரணி தன் பக்கத்தில் தட்டும் பாஸ்களை எண்ணு. அதே பகுதியில் நாம் செய்த பறிப்பு, இடைமறிப்பு, ஃபவுல் போன்றவற்றால் வகு. ஒரு தடுப்புக்கு எத்தனை பாஸ்களை அனுமதித்தோம் என்பது விடை. எண் சிறியதாக இருந்தால் நெருக்குதல் கடுமை. பத்துக்குக் கீழே போனால் தீவிரமானது என்று பொதுவாகக் கொள்கிறார்கள். நல்ல அளவுகோல்தான், ஆனால் எச்சரிக்கையோடு படிக்க வேண்டும். பின்தங்கிய அணி இயல்பாகவே அதிகம் நெருக்கும். எதிரணி பந்தைப் பின்னால் சுழற்றாமல் தூக்கி அடிக்கிற அணியாக இருந்தால் எண் தானாக மாறும். பணக்கார அணிகள் நெருக்குகின்றன, வெல்லவும் செய்கின்றன. அதனால் நெருக்கியதால்தான் வென்றன என்று சொல்லிவிட முடியாது.

ஆகவே ஆய்வாளர்கள் பந்தை விட்டுவிட்டு இடத்தை அளக்கத் தொடங்கினார்கள். ஒரு கிராமத்தில் ஐந்து தெருக்குழாய்கள் இருக்கின்றன. ஒவ்வொரு வீட்டுக்காரரும் தனக்கு மிக அருகில் உள்ள குழாய்க்குப் போகிறார். எந்த வீடுகள் எந்தக் குழாயைச் சேர்ந்தவை என்று தரையில் கோடு போட்டால் கிராமம் ஐந்து துண்டாகப் பிரியும். இந்தப் பிரிவுக்கு வொரோனாய் வரைபடம் என்று பெயர். 1868இல் இன்றைய உக்ரைனில் பிறந்த கணிதர் கியோர்கி வொரோனாயின் பெயரால் அழைக்கப்படுகிறது. லோபனோவ்ஸ்கியின் மண்ணிலேயே இந்தக் கணிதரும் பிறந்தார் என்பது எனக்கு மகிழ்ச்சி தரும் தற்செயல். குழாய்க்குப் பதில் ஆட்டக்காரர்களை வையுங்கள்: மைதானத்தின் எந்தப் புள்ளி யாருக்குச் சொந்தம் என்று தெரியும். ஆட்டக்காரர்கள் குழாய்போல நிற்பதில்லை என்பதால், 1990களில் ஜப்பானிய ஆய்வாளர் சுயோஷி தாக்கியும் அவர் குழுவினரும் தொலைவுக்குப் பதிலாக நேரத்தை வைத்தார்கள்: ஒரு புள்ளியை முதலில் அடையக்கூடியவர் யார்? மைதானக் கூரைக் கேமராக்கள் இன்று வினாடிக்கு 25 முறை எல்லோரின் இடத்தையும் பதிவு செய்கின்றன. தொண்ணூறு நிமிடத்துக்கு 1,35,000 படங்கள். இருபத்திரண்டு பேரும் பந்தும் சேர்த்து 31 லட்சம் இடக்குறிப்புகள். இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்ற வில்லியம் ஸ்பியர்மன் இந்தத் தரவிலிருந்து ஒவ்வொரு புள்ளியையும் எந்த அணி எவ்வளவு நிகழ்தகவோடு கைக்கொள்ளும் என்று கணக்கிடும் முறையை வளர்த்தார். 2018இல் லிவர்பூல் அவரை வேலைக்கு எடுத்துக்கொண்டது. இத்தகைய வரைபடங்களில் நல்ல நெருக்குதல் கண்கூடாகத் தெரிகிறது. பந்தைச் சுற்றி எதிரணியின் நிறம் சின்னச் சின்னத் தீவுகளாகச் சுருங்குகிறது. தொலைவில் மட்டும் அகன்ற வெளி, பந்து போய்ச்சேர முடியாத வெளி.

அந்த வெளிதான் ஆபத்தும். பூட்டிய இடம் என்று சொன்னேனே, அந்தப் பூட்டின் சாவி பந்து வைத்திருப்பவரிடம் இருக்கிறது. அவருக்கு நிமிர்ந்து பார்க்க ஒரு வினாடி கிடைத்தால் போதும், சரியான நொடியில் சுவருக்கு மேலே பந்தை அனுப்பிவிடுவார். 2020 அக்டோபர் 4 அன்று, நடப்புச் சாம்பியனான லிவர்பூல் ஆஸ்டன் வில்லாவிடம் 2-7 என்று தோற்றது. தற்காப்புக் கோடு வழக்கம்போல மேலேயே நின்றது. பந்து வைத்திருந்தவர்மேல் இருக்கவேண்டிய நெருக்குதல் மட்டும் இல்லை. இரண்டும் இரட்டை மாடு. ஒன்று படுத்தால் வண்டி சாயும். இரண்டும் சேர்ந்து இழுத்தால் என்ன ஆகும் என்பதற்கு 2024 அக்டோபர் 26 சாட்சி. ஹான்சி ஃபிளிக்கின் பார்சிலோனா, மாட்ரிட்டில் ரியலை 4-0 என்று வென்ற அன்று, ரியல் ஆட்டக்காரர்கள் 12 முறை ஆஃப்சைடில் சிக்கினார்கள். எம்பாப்பே மட்டும் எட்டு முறை. அந்த வெளியைக் காக்கக் கோல்கீப்பரும் மேலே வர வேண்டும். 2014 உலகக் கோப்பையில் அல்ஜீரியாவுக்கு எதிராக மானுவேல் நொயர் தன் பெட்டியை விட்டு வெளியே ஓடி ஓடிப் பந்தை அடித்து விரட்டியது அதனால்தான்.

எதிர்மருந்தும் பிறந்துவிட்டது. 1992இல், தன் அணிக்காரர் வேண்டுமென்றே காலால் தட்டிவிட்ட பந்தைக் கோல்கீப்பர் கையால் எடுக்கக்கூடாது என்று விதி வந்தது. நெருக்குகிறவர்களுக்கு அது வரம், தப்பிக்கும் கதவு ஒன்று மூடிவிட்டது. 2019இல் வந்த மாற்றம் மறுபக்கத்துக்கு உதவியது: கோல்கிக் பந்தைப் பெனால்டி பெட்டிக்குள்ளேயே தோழர் வாங்கலாம். 2022இல் பிரைட்டனுக்கு வந்த ரொபெர்டோ டி ஸெர்பி அங்கே ஒரு விந்தையைக் காட்டினார். அவருடைய தற்காப்பாளர்கள் பந்தின்மேல் பாதத்தை வைத்துச் சும்மா நின்றார்கள். அசையாத பந்தில் பாய்ச்சல் குறியே இல்லை. பொறுமையிழந்து ஒருவர் பாய்ந்தால், அவர் விட்டுவந்த இடத்தின் வழியே பந்து ஓடிவிடும். கோழி நின்ற இடத்தில் நின்றுகொண்டு, பாட்டி கைநீட்டும் வரை காத்திருந்து, இடுக்கில் புகுந்து ஓடியது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பருவத்தில் பிரைட்டன் ஆறாம் இடம் பிடித்தது.

பள்ளி மைதானங்களில் கால்பந்து கற்றுக்கொடுக்கும் உடற்கல்வி ஆசிரியர்களிடமும் அண்ணன்மார்களிடமும் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. ‘ஓடு, ஓடு, விடாதே’ என்று ஓரத்தில் நின்று கத்தும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். பிள்ளைகள் ஏற்கெனவே போதுமான அளவு ஓடுகிறார்கள். ஒரு மாலை மட்டும் பந்தை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, பந்து இங்கே இருக்கிறது என்று ஓர் இடத்தைக் காட்டி, யார் எங்கே நகர வேண்டும் என்று கேளுங்கள். அடுத்த மாலை, பந்தை நோக்கி ஓடும் பிள்ளையிடம் அவள் முதுகுக்குப் பின்னால் நிழலில் யார் நிற்கிறார் என்று கேளுங்கள். அதற்கு விலையுயர்ந்த காலணியும் புல்தரையும் தேவையில்லை.